செருப்புத் தைத்த நேரம் போக 4,275 பாட்டு

வாரம் ஒரு பாட்டு எழுதியே தீருவேன் என்று சபதம் போட்டு, மூன்றாவது வாரமே 'மூடு வரவில்லை' என்று கிதாரைச் சுவரில் மாட்டிவிடும் பொழுதுபோக்குப் பாடலாசிரியர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. ஜெர்மனியில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒருவர் நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே இந்தப் பந்தயத்தில் ஓடி முடித்துவிட்டார். அதுவும் பகலெல்லாம் பட்டறையில் தோலும் ஊசியுமாக உட்கார்ந்திருந்துவிட்டு.

பெயர் ஹான்ஸ் சாக்ஸ், ஊர் நூரம்பெர்க். 1567 புத்தாண்டு நாளில், எழுபத்திரண்டு வயதில், மனிதர் தன் வாழ்நாள் சரக்கையெல்லாம் இறக்கி வைத்து இருப்புக் கணக்கு எடுத்தார். கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் 34. அவற்றில் 16 முழுக்கப் பாட்டு. பாட்டின் எண்ணிக்கை 4,275. போதாததற்கு நாடகங்கள் 208. கிண்டல் கதை, நீதிக் கதை, நீட்டி முழக்கிய அறிவுரை என்று இன்னும் ஓர் ஆயிரத்து எழுநூறு. இந்த இருப்புக் கணக்கையும் அவர் செய்யுளாகவே எழுதி வைத்தார் என்பதுதான் விசேஷம். கணக்குப் பிள்ளை வேலை பார்க்கும்போதுகூடக் கை சும்மா இருக்கவில்லை.

1514இல் ஆரம்பித்ததாக அவரே சொல்கிறார். ஐம்பத்து மூன்று வருஷம். வகுத்துப் பார்த்தால் வருஷத்துக்கு எண்பது பாட்டு, வாரத்துக்கு ஒன்றரை. காய்ச்சல், கல்யாணம், பண்டிகை எதற்கும் விடுப்புக் கிடையாது.

சாக்ஸ் தனி ஆள் இல்லை. மைஸ்டர்சிங்கர் என்றொரு கூட்டமே இருந்தது. நெசவாளர், தையல்காரர், ரொட்டி சுடுகிறவர், ஆணி அடிக்கிறவர், செருப்புத் தைக்கிறவர் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாட்டுப் போட்டிக்குக் கூடுவார்கள். அவர்களுக்கு முந்தைய காலத்தில் ஜெர்மன் மொழியில் காதல் பாட்டுக் கட்டியவர்கள் பிரபுக்களும் வீரர்களும். குதிரை, கோட்டை, அடுத்தவர் மனைவி மீது ஏக்கம் என்று அவர்களுக்கு வசதி அதிகம். அந்தக் கலை கைவினைஞர்கள் கைக்கு வந்ததும் அவர்கள் முதலில் செய்த காரியம், ஏக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அளவுகோலை எடுத்ததுதான். செருப்புக்கு அளவு உண்டென்றால் பாட்டுக்கு ஏன் கூடாது?

ஊர் நிலவரமும் கொஞ்சம் அப்படி. 1348-49இல் கைவினைஞர்கள் கலகம் செய்து அடங்கிய பிறகு, நூரம்பெர்க் நகரசபை தொழில் சங்கமே கூடாது என்று தடை போட்டுவிட்டது. கூலி கேட்கக் கூட்டம் போட முடியாது. எதுகை இடிக்கிறது என்று சண்டை போடக் கூட்டம் போடலாம், அதற்கும் சபையின் அனுமதி வேண்டும். ஆட்சியாளர்களுக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு உண்டா?

எந்தச் சங்கத்துக்கும் ஒரு புராணம் தேவை. இவர்களுடைய புராணப்படி பத்தாம் நூற்றாண்டில், முதலாம் ஓட்டோ சக்கரவர்த்தி காலத்தில், பன்னிரண்டு ஆதிப் புலவர்கள் சேர்ந்து இந்தக் கலையை நிறுவினார்கள். சக்கரவர்த்தியும் போப்பாண்டவரும் பரீட்சை வைத்து, தேறிவிட்டார்கள் என்று சான்றும் கொடுத்தார்களாம். ஒரே ஒரு சின்ன இடைஞ்சல். அந்தப் பன்னிருவரில் ஒருவரான ஃப்ராவன்லோப் இறந்தது 1318இல். சக்கரவர்த்தி காலமாகி முந்நூற்று நாற்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. கடல் கொண்ட சங்கங்களுக்கு ஆயிரக்கணக்கில் வருஷம் எழுதிக் கொடுத்த நாம் இதற்குச் சிரிப்பது நியாயமில்லை.

இவர்கள் பாட்டுக் கட்டியது நம் சினிமாக் கவிஞர்கள் மாதிரிதான். மெட்டு முன்னே, வார்த்தை பின்னே. ஆனால் மெட்டு என்றால் ராகத்தோடு முடிவதில்லை. எந்த அடிக்கு எத்தனை அசை, எந்த அடி எதோடு இயைபு சேர வேண்டும் என்பதெல்லாம் ஒரே பொட்டலத்தில் வரும். முதல் துண்டை ஒரே மெட்டில் இரண்டு தடவை பாடி, பிறகு வேறு மெட்டில் ஒரு முடிப்புப் போட வேண்டும். இப்படிக் குறைந்தது மூன்று சரணம். வாத்தியம் கூடாது. தனி ஆளாக நின்று பாட வேண்டும்.

ஆரம்பத்தில் ஆதிப் புலவர்களின் மெட்டைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததாம். அதை உடைத்தவர் என்று ஹான்ஸ் ஃபோல்ஸ் பெயரைச் சொல்வார்கள். அவர் முடிவெட்டிக்கொண்டே ரண வைத்தியமும் பார்த்தவர். ரத்தத்துக்குப் பயப்படாத ஆள், இலக்கணத்துக்கா பயப்படப் போகிறார்?

உடைந்த பிறகு மெட்டுகள் பெருகின. பெருகியதும் பேர் வைக்கும் பிரச்சினை வந்தது. புது மெட்டு ஏற்கப்பட்டால் அதற்கு முறைப்படி ஞானஸ்நானம் மாதிரி ஒரு சடங்கு. கூட்டத்தில் இரண்டு பேர் ஞானத் தந்தையாக நிற்க, கட்டியவர் பெயர் சூட்டுவார். அப்படிச் சூட்டிய பெயர்களின் பட்டியல் நம்மிடம் இருக்கிறது. குட்டைக் குரங்கு மெட்டு, கறுப்பு மை மெட்டு, எழுதுதாள் மெட்டு, இலவங்கப்பட்டை மெட்டு, மஞ்சள் சிங்கத்தோல் மெட்டு, கொழுத்த வளைக்கரடி மெட்டு. எனக்கு மிகவும் பிடித்தது, காலஞ்சென்ற பெருந்தீனிக்காரர் மெட்டு. பைபிளில் வரும் துயரப் பகுதியை ஒருவர் கண்கலங்கப் பாடி முடித்ததும் பக்கத்தில் இருப்பவர், "அருமை, இது குட்டைக் குரங்குதானே?" என்று விசாரித்திருப்பார்.

போட்டியின் உயிர்நாடி பாடுகிறவர் இல்லை, தப்புக் கண்டுபிடிக்கிறவர். மெர்க்கர் என்பது அவர்கள் பதவிப் பெயர். நமக்கு ஒரே ஒரு நக்கீரர். அவர்களுக்கு நாலு பேர், அதுவும் திரைக்குப் பின்னால். நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் எரிக்க ஆள் அகப்படாது. ஒருவர் மதச் சீர்திருத்தக்காரர் லூத்தரின் பைபிளை விரித்து வைத்துக்கொண்டு பாட்டு வேதத்திலிருந்து விலகுகிறதா என்று பார்ப்பார். ஒருவர் இலக்கண விதி, ஒருவர் இயைபு, ஒருவர் மெட்டு. நான்கு பேர் நான்கு பக்கமும் பிய்த்தெடுத்த பிறகு மிஞ்சுவதுதான் கவிதை.

தப்புகளுக்கு அவர்கள் கொடுத்த விவரம் படித்தால், இன்றைக்கு வருகிற எந்தப் பாட்டும் பாஸ் ஆகாது என்று தெரியும். கேட்கிறவருக்கு அர்த்தம் விளங்காவிட்டால் 'குருட்டுப் பொருள்'. இரண்டு அசையை நெருக்கி ஒன்றாக விழுங்கினால் 'ஒட்டு அசை'. எடுத்த சுருதி உச்சத்தில் இருந்தாலும் குற்றம், பாதாளத்தில் இருந்தாலும் குற்றம். நடுவில் தயங்கி நின்றால் குற்றம். மதத்துக்கு விரோதமான கருத்து வந்துவிட்டால் மட்டும் மதிப்பெண் குறைப்பதோடு நிற்காது, பாட்டையே கழித்துக் கட்டிவிடுவார்கள். மற்றபடி ஒவ்வொரு தவறுக்கும் இத்தனை அசை என்று அபராதம். அபராதம் குறைந்தவர் ஜெயித்தவர். பாட்டு நன்றாக இருந்ததா என்று கேட்கும் பத்தி அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

முதல் பரிசு, தாவீது ராஜா உருவம் பொறித்த சங்கிலி. அடுத்த பரிசு பட்டுப்பூ மாலை. அதன்பின் எல்லோரும் மதுக்கடைக்குப் போவார்கள். பைபிள் பாட்டெல்லாம் போட்டியோடு சரி, அங்கே பாடுகிற பாட்டு வேறு ரகம்.

சாக்ஸ் ஒரு தையல்காரர் மகன். லத்தீன் பள்ளியில் படித்தார், பதினைந்து வயதில் செருப்புத் தொழிலுக்கு வந்தார். பாட்டுக் கட்டக் கற்றுக்கொடுத்தவர் நுன்னென்பெக் என்ற நெசவாளி. பிறகு ஐந்து வருஷம் ஊர் ஊராகத் தொழில் கற்றுத் திரிந்தார். 1523இல் லூத்தரை இராக்குயிலாகவும், பத்தாம் லியோ போப்பைச் சிங்கமாகவும் வைத்து எழுநூறு அடிக்கு ஒரு பாட்டு எழுதினார். நாடெங்கும் பிரபலமானார். பிரபலம் வந்தால் பின்னாலேயே கஷ்டமும் வரும்.

1527இல் ஓசியாண்டர் என்ற பாதிரியாரோடு சேர்ந்து போப்பாட்சியைத் தாக்கிப் படம் போட்ட புத்தகம் ஒன்று வெளியிட்டார். படத்துக்குப் படம் செய்யுள் சாக்ஸுடையது. நகரசபை நடுங்கிவிட்டது. போப் என்ன நினைப்பாரோ என்பதைவிடச் சக்கரவர்த்தி என்ன செய்வாரோ என்ற பயம். சாக்ஸைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார்கள்: நீர் போய்ச் செருப்புத் தைக்கிற வேலையைப் பாரும், இனி எந்தப் புத்தகமும் செய்யுளும் அச்சுக்குக் கொடுக்கக் கூடாது. உலக இலக்கிய வரலாற்றில் எத்தனையோ விமர்சனம் வந்திருக்கிறது. ஆனால் விமர்சகர் தரப்பிலிருந்து மாற்று வேலையையும் சேர்த்துச் சொன்ன கௌரவம் இவருக்குக் கிடைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், போட்டிப் பாட்டுகளை அச்சிடக் கூடாது என்பது மைஸ்டர்சிங்கர்களே வைத்திருந்த விதி. பாட்டு சங்கத்தின் சொத்து, நோட்டில்தான் இருக்க வேண்டும். ஆக, சபை போட்ட தடை அந்த நாலாயிரத்தை ஒன்றும் செய்யவில்லை. மற்ற எழுத்துகளும் சில வருஷத்துக்குள் மறுபடி அச்சேறத் தொடங்கிவிட்டன.

சரி, வாரத்துக்கு ஒன்றரை எப்படிச் சாத்தியம்? ரகசியம் அந்தக் கெடுபிடியில்தான் இருக்கிறது. மெட்டு தயார். அசை எண்ணிக்கை தயார். விஷயத்துக்கு லூத்தர் மொழிபெயர்த்த பைபிள் கையில் இருக்கிறது, ஓர் அத்தியாயத்தை எடுத்தால் ஒரு பாட்டு. எந்த ஆகமம், எத்தனையாவது அத்தியாயம் என்பதையும் பாட்டுக்குள்ளேயே சொல்லிவிடுவார்கள். பைபிள் அலுத்தால் பொக்காச்சியோவின் கதைகள். 275 மெட்டுகளில் அவர் பாட்டுக் கட்டியிருக்கிறார், அவற்றில் சொந்த மெட்டு பதின்மூன்றுதான். உத்வேகம் வரட்டும் என்று அவர் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க அவசியமே இல்லை. கட்டத்தை நிரப்புவதுதான் வேலை.

அதனால்தான் அந்த நாலாயிரத்தை இன்றைக்கு ஆராய்ச்சி மாணவர்களைத் தவிர யாரும் தொடுவதில்லை. வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன், அவற்றில் பெரும்பாலானவை சவசவ. மனிதர் ஜொலிப்பது மெர்க்கர் உட்காராத இடத்தில். தவக்காலத்துக்கு முந்தைய கூத்து நாட்களுக்காக அவர் எழுதிய 85 குறுநாடகங்களைப் பாருங்கள். ஒன்றில், வழிப்போக்கனான ஒரு மாணவன் பாரிஸிலிருந்து வருகிறேன் என்கிறான். குடியானவப் பெண்ணின் காதில் அது பாரடைஸ் என்று விழுகிறது. சொர்க்கத்திலிருந்து வருகிறானே, அங்கே செத்துப்போன என் முதல் புருஷன் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கிறாள். துணி இல்லாமல் தவிக்கிறார் என்று இவன் அளக்க, மூட்டை கட்டித் துணியும் பணமும் கொடுத்தனுப்புகிறாள். விஷயம் தெரிந்த இரண்டாவது புருஷன் கோபத்தோடு குதிரையில் துரத்துகிறான். குதிரையையும் அந்த மாணவனிடமே கோட்டை விட்டுவிட்டு நடந்து வீடு சேர்கிறான். மனைவியிடம் என்ன சொல்வது? சொர்க்கத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேரட்டுமே என்று நான்தான் குதிரையையும் கொடுத்தேன் என்கிறான். இதற்கு அசை எண்ணத் தோன்றுமா?

முதல் மனைவி குனிகுண்டே 1560இல் இறந்தார். அடுத்த வருஷமே, அறுபத்தாறு வயதில், இருபத்தேழு வயது விதவை ஒருவரை மணந்துகொண்டார். அந்தப் பெண்ணின் அழகைத் தலை முதல் ஒவ்வோர் அங்கமாக வரிசைப்படுத்தி ஒரு செய்யுள் எழுதினார். பாதாதிகேசம் பாடும் நம்மவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் செருப்புக் கடைக்காரர் பாதத்திலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டாமோ?

1576இல் சாக்ஸ் போனார். சங்கம் போகவில்லை. ஆனால் வர வர பாடுகிறவர் குறைந்து, மெர்க்கர்தான் மிஞ்சினார்கள். பரோக் காலத்துப் படித்த கவிஞர்கள் செருப்புக்காரர் கவிதை என்று சிரித்தார்கள். நூரம்பெர்க் சங்கம் பதினெட்டாம் நூற்றாண்டோடு ஓய்ந்தது. உல்ம் நகரில் கடைசியில் நான்கே பேர் பாக்கி. 1839இல் அவர்கள் கொடி, பெட்டி எல்லாவற்றையும் ஊர்ப் பாடகர் குழு ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அதற்கப்புறம்தான் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் வந்தார். 1697இல் வாகன்ஸைல் என்ற பேராசிரியர் எழுதிய நூலிலிருந்து விதிகளையும் மெட்டுப் பெயர்களையும் அள்ளிக்கொண்டு, 1868 ஜூன் 21 அன்று மியூனிக்கில் 'நூரம்பெர்க் மைஸ்டர்சிங்கர்' என்ற இசை நாடகத்தை மேடையேற்றினார். அதில் சாக்ஸ் ஞானி. பெக்மெஸ்ஸர் என்ற மெர்க்கர் கோமாளி. பெக்மெஸ்ஸர் நிஜத்தில் வாழ்ந்த ஒரு மைஸ்டர்சிங்கர், பாவம். வாக்னரின் கோபம் அவர் மேல் இல்லை, தன்னைத் தாக்கி எழுதிய வியன்னா விமர்சகர் ஹான்ஸ்லிக் மேல். முன்வரைவு ஒன்றில் அந்தப் பாத்திரத்துக்கு ஏறக்குறைய அவர் பெயரையே வைத்திருந்தார். விதி எதுவும் தெரியாத ஒரு பிரபு வாலிபன் வந்து பாடுகிறான், பெக்மெஸ்ஸர் பலகை கொள்ளாத அளவுக்குச் சாக்பீஸால் கோடு கிழிக்கிறார், கடைசியில் வாலிபன்தான் ஜெயிக்கிறான்.

வாத்தியமே இல்லாமல் மூன்று சரணம் பாடியவர்களைப் பற்றி, முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு நாலரை மணி நேரம். அதே பவேரியாவில், மியூனிக்குக்கு மேற்கே மெம்மிங்கன் என்ற ஊரில், நிஜமான மைஸ்டர்சிங்கர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்கள் சங்கம் கலைந்தது 1875இல்தான். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு வாக்னர் முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தால், இடைவேளைக்கு முன்பே சாக்பீஸ் வாங்கிவர ஆள் அனுப்ப வேண்டியிருந்திருக்கும்.