மறைவுக்குள் மறைவு: மாடுலர் வார்ட்ரோபில் டிராயர் தெரிதல் குறித்த ஓர் ஆராய்ச்சி

கதவு போட்ட அலமாரிக்குள் டிராயர் எதற்கு? இந்த அடிப்படை வினாவை எழுப்பாமலேயே சென்னைப் புறநகர் அடுக்ககங்களில் எத்தனையோ டிராயர்கள் பொருத்தப்பட்டுவிட்டன. கதவு ஏற்கெனவே ஒருமுறை மறைத்தாயிற்று. அதற்குள் டிராயர் வைப்பது மறைத்ததையே மறுபடி மறைப்பதாகும். துணி அடுக்க வெறும் தட்டு போதும்; தட்டு என்பது ஒரே பலகை. டிராயருக்கோ பக்கம் இரண்டு, முன்னொன்று, பின்னொன்று, அடிப்பலகை, மேலே ஒட்டும் முகப்பு, ஒரு ஜோடி சேனல், கைப்பிடி என்று பரிவாரமே வேண்டியிருக்கிறது. ஆகவேதான் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்லும் மாடுலர்காரர், "ரெண்டு டிராயர் பேக்கேஜுலயே வந்துரும் சார், அதுக்கு மேல போனா தனி" என்கிறார். அந்தத் தனிக்காசைக் கொடுத்து மூன்றாவது டிராயரைக் கேட்கும் குடும்பம் எதையோ ஒளித்துவைக்க இடம் தேடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். எதை ஒளிக்கிறார்கள் என்பது குடும்ப விவகாரம். எவ்வாறு ஒளிக்கிறார்கள் என்பதே ஆராய்ச்சிக்கு உரியது.

முன்வரலாறு சுருக்கமானது. தாத்தா காலத்துத் தேக்கு அலமாரியில் மரத்தின்மேல் மரம் ஓடியது. ஐப்பசி அடைமழையில் டிராயர் உப்பி இறுகிக்கொள்ளும். தை பிறந்து வெயில் ஏறினால் தானே வழிவிடும். இடையில் பத்திரமோ பட்டோ தேவைப்பட்டால் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, காலை உதைத்து இழுக்க, டிராயர் மொத்தமாகக் கையோடு வரும். அடுத்து வந்த இரும்பு பீரோ லாக்கர், லாக்கருக்குள் குட்டி டிராயர், அதற்குப் பின்னே ரகசிய அறை என்று மறைவை மூன்றடுக்காக்கியது. ஒரே மாதிரி பீரோக்களில் ரகசிய அறையும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்பதைத் திருடர் உட்பட அனைவரும் அறிவர்.

இரும்புச் சேனல் வந்ததும் இழுப்பு எளிதாயிற்று. இன்று டிராயரை வழுக்கியோடச் செய்வதில் பேர்பெற்ற ஆஸ்திரிய நிறுவனமான ப்ளம், 1952இல் தொடங்கியபோது முதலில் செய்து விற்றது குதிரை லாடத்தில் பொருத்தும் குமிழ்களை. குதிரை வழுக்கிவிடாமல் இருப்பதற்கானவை அவை. இதைவிடப் பெரிய கொள்கை மாற்றத்தை நம் அரசியலில் கூடக் காண்பது அரிது.

டிராயரை அகம், புறம் என இரண்டாகப் பகுப்பது தமிழ் மரபுக்கும் ஒக்கும், பிளைவுட்டுக்கும் ஒக்கும். கதவைத் திறந்தபின் தெரிவது அகம். கதவுக்குக் கீழே தன் முகத்தைத் தானே காட்டி நிற்பது புறம். புறத்தின் பெருமை, ஓர் இழுப்பில் வேலை முடிவது. சிறுமை, வருகிறவர் போகிறவர் கண்ணில் படுவதோடு தவழும் குழந்தையின் கைக்கும் எட்டுவது.

அகத்துக்கு உள்ள இடர் நுட்பமானது. வழக்கமான கீல், கதவை 110 பாகை அளவுக்குத் திறக்கும். அப்போதும் கதவின் தடிமனும் கீலும் டிராயர் வரும் வழியில் சற்றே துருத்தி நிற்கும். அதனால் பக்கப் பலகைக்கும் சேனலுக்கும் நடுவே கட்டை வைத்துப் பேக்கிங் கொடுக்க வேண்டும். அலமாரி சுவர் மூலையில் அமைந்துவிட்டால் சிக்கல் இரட்டிக்கும்: கதவு 90 பாகையிலேயே சுவரில் முட்டும், டிராயர் கதவில் முட்டும். "டிராயிங் போட்டவங்க பார்த்திருக்கணும் சார்" என்பார் ஆசாரி. "ஃபிட்டிங் பண்ணவங்க சொல்லியிருக்கணும் சார்" என்பார் டிராயிங் போட்டவர். இரு தரப்பு உரையும் பொருந்தும் என்பதால் டிராயர் பாதி திறந்த நிலையிலேயே வாழ்ந்துவிடும். ஸ்லைடிங் கதவில் வேறு வகைத் துன்பம். தண்டவாளம் ஆழத்தில் ஏறக்குறைய நான்கு அங்குலத்தைத் தின்றுவிடும். இரண்டு கதவும் சந்திக்கும் நடுவிடத்தில் டிராயர் வந்துவிட்டால் எந்தக் கதவைத் தள்ளினாலும் அது வெளியே வராது. அத்தகைய டிராயரை மறைவின் உச்சம் என்று போற்றலாமே தவிரப் பயன்படுத்த முடியாது.

இனி இக்கட்டுரையின் மையமான பின்கால் கோட்பாடு. பழைய உருளைச் சேனலில் டிராயர் முக்கால் பங்குதான் வெளியே வரும். 20 அங்குல டிராயரில் 15 அங்குலம் வெளிச்சத்தில், 5 அங்குலம் இருளில். வெளியே வராத இந்தக் கால் பங்கே பின்கால். அந்த இருளில் ஒற்றை ஜிமிக்கியும், முடிந்துபோன சீட்டின் அட்டையும், யாருடையது என்று தெரியாத பாஸ்போர்ட் அளவு போட்டோவும் கிடக்கும் என்பது மேலோட்டமான ஆய்வு. ஆழ்ந்து துழாவினால் கிடைப்பது சிறுவாடு. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் இருந்த இல்லத்தரசியின் நிதித்துறை, வார்ட்ரோப் வந்தபின் இந்தப் பின்காலுக்குத்தான் குடிபெயர்ந்தது. 2016 நவம்பர் 8 அன்று இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அடுத்த சில நாட்களில் பின்கால்கள் காலியாயின. தம் வீட்டுக் கஜானாவின் முழு அளவைப் பல கணவன்மார் அப்போதுதான் கண்டார்கள்.

இப்போது எல்லோரும் கேட்பது பால்பேரிங் வைத்த டெலஸ்கோபிக் சேனல். இழுத்தால் டிராயரின் பின்சுவர் வரை வெளியே வந்து நிற்கும். இதை வசதி என்று விற்கிறார்கள். பின்காலை ஒழித்த இந்தக் கண்டுபிடிப்பு வீட்டின் தலையாய சேமிப்பு நிறுவனத்தையே மூடிவிட்டது என்பது ஆய்வாளரின் துணிபு. மற்றவற்றுக்கு முழு நீட்சிச் சேனல் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மட்டும் உருளைச் சேனல் கேளுங்கள். கடைக்காரர் சிக்கனம் என்று நினைத்துக்கொள்வார், நினைக்கட்டும்.

எடை பற்றி ஒரு சொல். 45 மில்லிமீட்டர் உயரச் சேனலின் ஜோடி தாங்குவதாக அட்டையில் போட்டிருப்பது வழக்கமாக 35 கிலோ அல்லது 45 கிலோ. நல்ல காஞ்சிப் பட்டு அரைக் கிலோவுக்குக் குறையாது. சரிகை கூடினால் ஒரு கிலோவை நெருங்கும். சராசரி முக்கால் கிலோ என்று கொண்டால் 40 புடவைக்கு 30 கிலோ. மூன்றடி அகலப் பெட்டியின் சொந்த எடை வேறு. அடிப்பலகையை 6 மில்லிமீட்டரில் முடித்திருந்தால் ஒரு தீபாவளி தாண்டுவதற்குள் நடுவில் தொய்ந்து, கீழ் டிராயரின் தலையைத் தடவ ஆரம்பிக்கும். பட்டுக்கு டிராயரே வேண்டாம். வெள்ளைத் துணியில் சுற்றித் தட்டில் வைப்பதே முறை. கேட்காதவர்கள் அடிப்பலகையையாவது 12 மில்லிமீட்டரில் கேட்கட்டும்.

அகலத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு டிராயரும் சேனலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம், பலகைக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் என மொத்தம் இரண்டு அங்குலத்தை விழுங்கும். உள்ளகலம் 18 அங்குலமென்றால் கையில் நிற்பது 16. மடித்த சட்டை ஒன்பது, பத்து அங்குல அகலம். ஒரு வரிசை வைத்தபின் ஆறேழு அங்குலம் மிஞ்சும். இரண்டாம் வரிசைக்கு அது போதாது. அந்த மிச்சம் ஒற்றைக் காலுறைகளின் சேரியாகிவிடும். கேட்டலாக்கைப் பார்த்து முடிவெடுக்காமல், வீட்டில் மடிக்கிற மடிப்பிலேயே ஒரு சட்டையை மடித்து அளந்துவிட்டு ஆர்டர் கொடுப்பவரை இக்கட்டுரை அறிஞர் என்று அழைக்கும்.

உயரத்தை நாம் தீர்மானிப்பதாக எண்ணிக்கொள்கிறோம். தொழிற்சாலையில் பக்கப் பலகையின் துளைகள் 32 மில்லிமீட்டருக்கு ஒன்றாக விழுகின்றன. முன் விளிம்பிலிருந்து 37 மில்லிமீட்டர் உள்ளே முதல் வரிசை. ஐரோப்பியர் வகுத்த இந்த முறைக்குள்தான் டிராயர் ஏறும், இறங்கும். நன்னூலும் நூலுக்குரிய உத்திகளை 32 என்றே வகுத்திருப்பதை வைத்து, மாடுலர் அலமாரி தமிழரின் கண்டுபிடிப்பு என்று நிறுவ ஒருவர் கிளம்பலாம். அவருக்கு வாழ்த்துகள், இக்கட்டுரை அந்தப் பழிக்கு ஆளாகாது.

சாஃப்ட் குளோஸ் தேவையா என்று கேட்பார்கள். டிராயரைப் படாரென்று சாத்துவது மணவாழ்வின் முற்றுப்புள்ளி. "நான் இனிப் பேசவில்லை" என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல வேறு வழி நம்மிடம் இருந்ததில்லை. சாஃப்ட் குளோஸ் சேனலோ, எவ்வளவு ஆத்திரத்தோடு தள்ளினாலும் கடைசி இரண்டு அங்குலத்தில் தயங்கி, பெருமூச்சு விட்டு, மெல்லப் போய் அமர்கிறது. சண்டை இதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. அடுக்களைப் பாத்திரங்களுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. கைப்பிடியே இல்லாமல் தட்டினால் திறக்கும் வகையும் உண்டு. இடுப்பு பட்டாலும் அது திறக்கும் என்பதால் நெருக்கமான படுக்கையறைக்கு ஆகாது.

யாருக்கு எந்த டிராயர்? வீட்டின் அதிகார வரிசையைக் குடும்ப அட்டையில் தேடுவது வீண். அங்கே 'தலைவர்' என்று எழுதியிருப்பதைப் பலரும் நம்பிவிடுகிறார்கள். மார்புக்கு மேலே உள்ள டிராயருக்குள் கண் எட்டாது, கைவிட்டுத் துழாவத்தான் முடியும். முழங்காலுக்குக் கீழே உள்ளதற்குக் குனிய வேண்டும். இடுப்பு உயரத்தில் இருப்பதே ஆட்சிபீடம். முட்டிவலி உள்ள மாமியார் இருக்கும் வீட்டில் அதற்கு இருமுனைப் போட்டி நிலவும். குடும்பத் தலைவரின் பனியன் எங்கும் அடித்தட்டில்தான், பாச்சை உருண்டைக்கும் பழைய செய்தித்தாள் விரிப்புக்கும் நடுவே.

எஞ்சியது பூட்டு. ஒளிப்பதற்கென்றே வாங்கிய டிராயருக்குப் பூட்டு இயல்பாக வேண்டும்தான். ஆனால் பூட்டு வந்தால் சாவி வரும். சாவியை ஒளிக்க இடம் வேண்டும். டிராயர் சாவி புடவை மடிப்புக்குள். வார்ட்ரோப் சாவி பழைய பீரோவில். பீரோ சாவி பூஜை அலமாரியில், சாமி படத்துக்குப் பின்னால். முடிவின்றி இப்படிப் பின்னுக்குப் போகும் குற்றத்தைத் தருக்க நூலார் அனவஸ்தை என்பர். அதை எங்கே வெட்டுவது என்பதில் தத்துவ உலகில் இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு, குடும்பங்களில் இல்லை. பூஜை அலமாரியின் சாவி ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.