முனீஸ்வரரிடம் ஸ்பேனர் கிடையாது

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல், அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் டார்ச் வெளிச்சம் அலைந்தால் திருடன் என்று பயப்பட வேண்டாம். யாரோ ஒரு சித்தப்பா விடிந்தால் ஊருக்குக் கிளம்புகிறார்.

எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவியை வகிப்பவர் என் சொந்தச் சித்தப்பா. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு 600 கிலோமீட்டருக்குச் சற்று மேலே. மற்றவர்கள் பெட்ரோல் போட்டு, காற்றுப் பிடித்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். சித்தப்பாவும் எலுமிச்சம்பழம் வைப்பார். வண்டி எடுத்த அன்றே பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரரிடம் கொண்டுபோய் நிறுத்திப் பூசையும் போட்டாயிற்று. ஆனாலும் முனீஸ்வரரிடம் வீல் ஸ்பேனர் இருக்காதே என்பது அவர் கவலை.

ஆகவே டிக்கியில் இருப்பவை: ஜாக்கி இரண்டு (ஒன்று மக்கர் பண்ணினால்?), காற்றடிக்கும் மோட்டார், பஞ்சர் ஒட்டும் சாமான், இழுவைக் கயிறு, ஜம்பர் கேபிள், ஃபியூஸ் டப்பா, கூலன்ட், தீயணைப்பான், கட்டுக்கம்பி, சணல், எம்சீல், இன்சுலேஷன் டேப், ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு பழைய போர்வை. கண்ணாடி உடைக்கும் சுத்தியல் மட்டும் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில். முன் கண்ணாடியில் அடித்தால் விரிசல்தான் விழும், பக்கக் கண்ணாடியின் மூலையில்தான் அடிக்க வேண்டும் என்று ஏறியவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவார். விமானத்தில் பெல்ட் மாட்டக் காட்டுவார்களே, அந்த முகபாவத்தோடு.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நீல நிறத் துணி சோப்பு. அதற்கு வரலாறு உண்டு. தாத்தா அம்பாசடர் வைத்திருந்தார். பெட்ரோல் டேங்க் கசிந்தால் சோப்பைத் தேய்த்து அடைப்பார். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்பு சூடேறி உள்ளே ஆவி கட்டி வண்டி நின்றுபோனால், ஈரத்துணியைப் பிழிந்து பம்பின் மேல் போடுவார், காய்ச்சல்காரன் நெற்றியில் போடுவதுபோல. கால் மணி நேரத்தில் வண்டி கண் விழிக்கும். அந்த வைத்தியத்தைப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்த பிள்ளை சித்தப்பா. அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. சித்தப்பாவின் மனசில் நிற்கவில்லை. இப்போதைய காரின் பானெட்டைத் திறந்தால் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. அதையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் மூடுகிறார். சோப்பு ஒரே ஒருமுறை உபயோகப்பட்டது, குற்றாலத்தில் ஆச்சி புடவை அலச.

ஸ்டெப்னியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டி மதுராந்தகத்தைத் தாண்டினால் சித்தப்பாவே சொல்லிவிடுவார். ஆதியில் கார்கள் உபரிச் சக்கரம் இல்லாமல்தான் விற்கப்பட்டனவாம். 1904 வாக்கில் வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்கிற ஊரில் டேவிஸ் சகோதரர்கள் ஒரு உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில். தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. "வெள்ளைக்காரனே அந்தப் பேர மறந்துட்டான், நாமதாம்ல காப்பாத்துதோம்" என்று முடிப்பார். குரலில் கோயில் தர்மகர்த்தாவின் பெருமிதம். 2020-ல், ட்யூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் சாமானும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று அரசு விதியைத் தளர்த்தியது. செய்தி வந்த அன்று சித்தப்பா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் பிறந்த டயர். ஜாதகம் பார்ப்பவர்போல சித்தப்பா இதைக் குனிந்து குனிந்து வாசிப்பார், தன் வண்டியில் மட்டுமல்ல. என் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்று வீட்டுக்குள் எல்லோரும் பஜ்ஜி தின்றுகொண்டிருக்க, இவர் வாசலில் அவர்கள் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். உள்ளே வந்து அப்பாவின் காதில் சொன்னார்: "பையன் தங்கம்தான். டயர்தான் 2014."

கருவிகளெல்லாம் டிக்கியில் ஏறியபின் மனிதர்களின் பெட்டிகளுக்கு இடம் இருப்பதில்லை. சித்தியின் பட்டுப்புடவைப் பெட்டி அவள் மடியில், பலகாரத் தூக்கு ஆச்சியின் காலடியில், நான் எப்போதும் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு. "போர்வைக்கு ஏசியில எடம் இருக்கு, நமக்கு இல்ல" என்று சித்தி உளுந்தூர்பேட்டை வரை சொல்லிக்கொண்டு வருவாள். அந்தப் போர்வை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பதற்கு. ஏசி டிக்கி வரை போகாது என்பதை அவளிடம் யார் சொல்வது?

இவ்வளவையும் வைத்து, சித்தப்பா பயந்த சுபாவம் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை. அவர் பயப்படவில்லை, காத்திருக்கிறார். வீட்டில் டிவி ரிமோட் பேத்தியிடம், செலவுக் கணக்கு சித்தியிடம். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால்தான் அவர் சொன்னதை நாலு பேர் கேட்பார்கள். ஆனால் பாழாய்ப்போன வண்டி நிற்பதே இல்லை. ஆகவே அடுத்தவர் வண்டி நின்றாலும் போதும் என்று இறங்கி வந்துவிட்டார். ஓரங்கட்டிய காரைக் கண்டால் வேகம் குறையும், கண்ணாடி இறங்கும். "என்ன தம்பி, பெல்ட்டா? கூலன்ட்டா?" குரலில் தேன் வழியும்.

"பாப்பாவுக்கு ஒண்ணுக்கு வந்துச்சு சார்."

அடுத்த பத்து கிலோமீட்டர் சித்தப்பா பேச மாட்டார். கல்லூரிக்காரத் தம்பி ஒருமுறை, நின்றுபோனால் 1033-க்குப் போன் பண்ணினால் நெடுஞ்சாலைக்காரர்களே வருவார்களே என்றான். "பாவம், அவங்களுக்கு எதுக்குல சிரமம்?" என்றார் அவசரமாக.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். லாரிகள் பழுதாகி நின்றால் பின்னால் கல்லை வரிசையாக வைத்து, மேலே வேப்பங்கொப்பை ஒடித்துப் போடுவார்கள். வண்டி சரியாகிப் போய்விடும், கல் சாலையிலேயே கிடக்கும். ராத்திரி வரும் மோட்டார் சைக்கிளுக்கு அது எமன். சித்தப்பா அந்தக் கல்லைக் கண்டால் விடமாட்டார். நம் வண்டியை ஓரங்கட்டி, சிவப்பு முக்கோணத்தைத் தூர வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பள்ளத்தில் போட்டுவிட்டு வருவார். இதற்காகவே அந்தத் தலையணையை நான் மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டு வருகிறேன்.

போன வைகாசியில் அந்த நாள் வந்தது. கயத்தாறு கட்டபொம்மன் நினைவிடத்தில் இறங்கினோம். அங்கேதான் 1799-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள் என்பதைப் பேத்திக்கு விளக்க வேண்டியிருந்தது. சாலையோரத்தில் வண்டி நிற்கிறதே என்று, முன்ஜாக்கிரதையாக, சித்தப்பா நாலு பக்க விளக்கையும் மினுக்கவிட்டு ஹெட்லைட்டையும் போட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது மினுக்கலும் இல்லை, வெளிச்சமும் இல்லை. சாவியைத் திருகினால் 'டிக்' என்றுகூடக் கேட்கவில்லை. ஊரார் டயருக்கெல்லாம் வயது சொன்னவருக்குத் தன் பேட்டரியின் வயது தெரிந்திருக்கவில்லை.

ஆனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்புகிறவர்போல முழுக்கையை மடித்துவிட்டார். "ஏல, ஜம்பர் கேபிள எடு."

டிக்கி பட்டனை அழுத்தினேன். திறக்கவில்லை. பட்டனுக்குக் கரண்டு வேண்டும். சாவி போடத் துவாரமே கிடையாது, அதுதான் புது மாடலின் விசேஷம் என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். பின்சீட்டும் மடங்காத சாதி. பதினாறு வருஷச் சேகரிப்பு மொத்தமும் ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம்.

கடைசியில் தர்பூசணி ஏற்றிவந்த குட்டியானை ஒன்று நின்றது. ஓட்டிவந்த பையன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சப்பையை உருவினான், அதில் இரண்டு ஒயர். சிவப்பை முதலில், கறுப்பைக் கடைசியில். நாலு நிமிஷத்தில் வண்டி உறுமியது.

சித்தப்பா நன்றி சொல்வதற்கு முன் ஓடிப்போய் டிக்கியைத் திறந்தார். தன்னுடைய கேபிளை எடுத்து, பிரிக்காத கவரோடு, அவனுக்குக் காட்டினார். "நம்மட்டயும் இருக்கு தம்பி."

பையன் கேபிளைப் பார்க்கவில்லை. டிக்கிக்குள் தலையை நீட்டி மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணாச்சி, எந்த ஊர்ல பட்டறை வச்சிருக்கிய?"

பாளையங்கோட்டை போய்ச் சேரும்வரை சித்தப்பா அதை எங்களிடம் மூன்று முறை சொன்னார். நாங்கள் பக்கத்தில் நின்று கேட்டவர்கள்தான்.