பகிர் கோப்புறை: பெயரும் பொருளும் பூட்டும்

1. பாயிரம்

ஒரு கணினிக்குள் மற்றொரு கணினி குடியிருப்பதும், உள்ளே இருப்பது தான் உள்ளே இருப்பதையே அறியாமல் தன்னை முழுக் கணினி என நம்பி இயங்குவதும், இவ்விரண்டுக்கும் இடையே ஒரு கோப்பைக் கைமாற்றுவதற்குள் ஒரு பிற்பகல் கழிந்துவிடுவதும் நாள்தோறும் நடப்பவை. வெளியே இருப்பதை ‘ஹோஸ்ட்’ என்பர், அதாவது வீட்டுக்காரர். உள்ளே இருக்கும் மெய்நிகர்க் கணினியை ‘கெஸ்ட்’ என்பர், அதாவது விருந்தாளி. வீட்டுக்காரரின் வட்டில் உள்ள ஓர் அறையை விருந்தாளியும் புழங்குமாறு திறந்துவிடும் ஏற்பாடே பகிர் கோப்புறை எனப்படும். இதுபற்றி இதுவரை எழுதப்பட்ட குறிப்புகள் யாவும் இதை எவ்வாறு இயங்கச் செய்வது என்னும் சில்லறைக் கேள்வியோடு நின்றுவிட்டமையால், இதன் பெயரையும் இலக்கணத்தையும் இடத்தையும் ஆராயும் பொறுப்பு இக்கட்டுரைக்கு வந்து சேர்கிறது.

ஆய்வெல்லை குறுகியது: வீட்டுக்காரர் விண்டோஸ், விருந்தாளி உபுண்டு என்னும் லினக்ஸ், இடையே மெய்நிகர்க் கணினியை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ். இம்மென்பொருளை 2007இல் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் வெளியிட்டது; 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் இன்னோடெக்கை வாங்கியது; 2010இல் ஆரக்கிள் சன்னையே வாங்கியது. விருந்தாளிகளுக்கு இடம் தேடித் தருவதையே தொழிலாகக் கொண்ட மென்பொருள் ஏறத்தாழ மூன்றாண்டுகளில் தானே மூன்று வீடு கண்டது என்பது ஆய்வாளர் மனங்கொள்ளத்தக்கது.

இப்பொருளுக்கு முதல்நூல் ஒன்று உண்டு என்பதில் உரைகாரர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அந்நூல் ஒரு பகிர் கோப்புறைக்குள் வைக்கப்பட்டுள்ளது. அதை இதுவரை எவரும் திறந்ததில்லை.

2. பெயராய்வு

இவ்வேற்பாட்டை எப்பெயரிட்டு அழைப்பது என்பது முதற்சிக்கல். அது தீரும்வரை கோப்பைத் தொடுவது ஆய்வு முறையன்று. ‘பகிரப்பட்ட கோப்புறை’ என்பர் ஒரு சாரார். ‘பகிரப்பட்ட’ என்பது பெயரெச்சமாதலின் அதன்பின் வல்லினம் மிகாது என்ற அளவில் அவர்கள் கூற்று பிழையற்றது. ஆயினும் பகிர்வு நடந்து முடிந்துவிட்டது என்று அச்சொல் துணிந்து கூறுவதால், நடைமுறையில் அது பெரும்பாலும் பொய்யாகிறது. ‘பகிர்வுக் கோப்புறை’ என்பர் மற்றொரு சாரார். பகிர்வுக்கு உரிய கோப்புறை என்று உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரித்து, நடுவில் ஒரு ‘க்’ இருந்தே தீரவேண்டும் என்பர். அந்த ஒற்று விடுபட்டு ‘பகிர்வு கோப்புறை’ எனத் திரையில் தோன்றக் கண்ட முதல் உரைகாரர் சினந்து கணினியையே அணைத்துவிட்டார் என்று இரண்டாம் உரைகாரர் எழுதுகிறார். அவர் அணைக்கவில்லை, விண்டோஸ் தானாகப் புதுப்பித்துக்கொண்டு அணைந்தது என்று மூன்றாம் உரைகாரர் மறுக்கிறார்.

இக்கட்டுரை மேற்கொள்ளும் ‘பகிர் கோப்புறை’ வினைத்தொகையாகும். வினைத்தொகையாவது காலங்காட்டும் இடைநிலையும் பெயரெச்ச விகுதியும் மறைந்து நிற்க, வினைப்பகுதி பெயரைத் தழுவி முக்காலத்துக்கும் பொருந்தி வருவது. பகிர்ந்த கோப்புறை, பகிர்கின்ற கோப்புறை, பகிரும் கோப்புறை என்னும் மூன்றும் இத்தொடரில் கரந்து நிற்கின்றன. விர்ச்சுவல்பாக்ஸும் இவ்விலக்கணம் அறிந்தே நடப்பதுபோல் தோன்றுகிறது. விருந்தாளி இயங்கிக்கொண்டிருக்கையில் ஒரு கோப்புறையைச் சேர்த்து, அதை நிலையானதாக்கும் கட்டத்தில் குறியிடாமல் விட்டால், விருந்தாளி அணைந்ததும் பகிர்வும் மறைந்துபோகும், இது இறந்தகாலம். குறியிட்டால் அடுத்த முறையும் வரும், இது எதிர்காலம். கோப்புறையைச் சேர்க்கும் சாளரத்தில் நிகழ்காலத்துக்குக் கட்டம் இல்லை. நிகழ்காலத்தில் அது இயங்கி எவரும் கண்டதில்லை என்பதே அதற்குக் காரணம் என்பர்.

இனி, வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆனால் அதன் மறுதலையாகிய ‘பகிராக் கோப்புறை’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாதலின் அங்கே மிகும். அதாவது பகிரும்போது இல்லாத ‘க்’ பகிராதபோது வந்துவிடுகிறது. இந்நுட்பத்தை முதலில் கண்டவர் நான்காம் உரைகாரர். உபுண்டுவில் திறக்க மறுக்கும் கோப்புறையின்மேல் காணப்படும் குறி வேறொன்றுமன்று, சந்தியில் மிக்க அந்தக் ‘க்’கே என்பது அவர் கோட்பாடு. இக்கோட்பாடு அவருடைய நூலில் இல்லை. அந்நூலுக்கு அவர் மாணாக்கர் எழுதிய அணிந்துரையில், ஆசிரியர் ஒப்பாமல் நீக்கிய அடிக்குறிப்பில், அச்சகத்தின் மெய்ப்புப் படி ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டு, அதன்மேல் யாரோ தேநீர்க் கோப்பையை வைத்தமையால் பாதி அழிந்த நிலையில் கிடைக்கிறது. அழிந்துபோன பாதியே கோட்பாட்டின் உயிர்நிலை என்று பின்வந்தோர் அனைவரும் ஒருமுகமாக மேற்கோள் காட்டுகின்றனர்.

3. வகை

விருந்தாளியும் விண்டோஸாக இருப்பின், பகிர் கோப்புறை ஒரு பிணைய வட்டுபோல் தோன்றும். அது பெரும்பாலும் இயங்கிவிடுவதால் ஆய்வுக்கு உரியதன்று.

விர்ச்சுவல்பாக்ஸின் இனத்தைச் சேர்ந்த பிற மென்பொருள்களுள், ஹைப்பர்-வியில் பகிர் கோப்புறை என்ற ஏற்பாடே இல்லை. ஆகவே அதில் பிழையும் இல்லை.

விஎம்வேரில் இதன் கோப்பு முறைமைக்கு ‘வீட்டுக்காரர்-விருந்தாளிக் கோப்பு முறைமை’ என்றே பெயர்.

கியூஎமுவில் இதற்குப் பயன்படும் 9பி நெறிமுறை, பெல் ஆய்வகத்தில் பிறந்த ‘பிளான் 9’ இயங்குதளத்தின் வழி வந்தது. மெய்நிகர்க் கணினிகளுக்கெனவே உருவான விர்ட்டியோஎஃப்எஸ் 2019இல் லினக்ஸ் 5.4இல் சேர்ந்தது. முன்னது தொல்காலம், பின்னது இக்காலம், இடைக்காலம் பற்றிச் சான்று இல்லை.

4. இடம்

பகிர் கோப்புறை எங்கே இருக்கிறது என்னும் வினா எளிதாகத் தோன்றும். கோப்புகள் வீட்டுக்காரரின் வட்டில் இருக்கின்றன. விருந்தாளிக்கோ அவை ‘மீடியா’ என்னும் அடைவின்கீழ், பெயருக்கு முன்னால் ‘எஸ்எஃப்’ என்னும் ஒட்டோடு காட்சி தருகின்றன. எனவே அது வீட்டின் உள்ளும் இல்லை, புறத்தும் இல்லை. இத்தகைய இடத்துக்குத் தமிழில் திண்ணை என்று பெயர். வழிப்போக்கர் படுத்துறங்கலாம், அடுக்களைக்குள் போகலாகாது. இதுவே திண்ணையின் சட்டம், பகிர் கோப்புறையின் சட்டமும் இதுவே. சட்டம் மீறப்பட்டதும் உண்டு. ஒரு பாதையில் அடுத்தடுத்து இரு புள்ளிகள் இட்டால் ‘மேலே உள்ள கோப்புறைக்குச் செல்க’ என்று பொருள். அப்புள்ளிகளைச் சோதனையில் பிடிபடாத குறியாக்கத்தில் மறைத்து எழுதினால், விஎம்வேரின் பகிர் கோப்புறையிலிருந்து வீட்டுக்காரரின் வட்டு முழுவதையும் படிக்கவும் அதில் எழுதவும் முடியும் என்பது 2008இல் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. திண்ணையில் படுத்திருந்தவர் இரண்டே புள்ளிகளை மிதித்து அடுக்களையை அடைந்துவிட்டார் என்று இதனைச் சுருக்கலாம்.

திண்ணை தமிழருடையது, பகிர் கோப்புறை திண்ணை போன்றது, ஆகவே மெய்நிகர்க் கணினியைக் கண்டவர் தமிழரே என்பது ஐந்தாம் உரைகாரரின் முடிபு. இவ்வகை ஏரணம் பிற துறைகளில் முனைவர் பட்டத்துக்கே போதுமானதாகக் கொள்ளப்படுவதால் இங்கும் மறுக்கப்படவில்லை. அவர் மேலும் ஒருபடி சென்று, திருக்குறளின் 9ஆம் அதிகாரம் விருந்தோம்பல் என்றும், அதன் 10 குறள்களிலும் விருந்தாளிக்கு எழுதும் உரிமை தரவேண்டும் என்று ஓரிடத்திலும் கூறப்படவில்லை என்றும், ஆகவே பகிர் கோப்புறையைப் படிப்பதற்கு மட்டும் திறந்துவிடுவதே வள்ளுவர் கருத்து என்றும் நிறுவுகிறார். கூறாமை எவ்வாறு சான்றாகும் என்று வினவிய ஆறாம் உரைகாரர் அடுத்த கருத்தரங்கத்துக்கு அழைக்கப்படவில்லை.

5. பாடபேதம்

விண்டோஸுக்கு ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் கோப்புப் பெயரில் ஒன்றே, லினக்ஸுக்கு வேறு. எழுத்தின் அளவால் மட்டும் வேறுபடும் இரு கோப்புகளை உபுண்டு தன் வட்டில் அருகருகே வைத்திருக்கும். விண்டோஸின் கோப்புறைக்குள் அவை வந்தால் ஒன்றுக்கே இடமுண்டு. தமிழில் பேரெழுத்து இல்லை, எனவே தமிழ்ப் பெயரிட்டால் தொல்லை இல்லை என்று மகிழ்ந்தோர் உளர்.

அம்மகிழ்ச்சி மேக் கணினி வீட்டுக்காரராகும்வரையே நிலைத்தது. யூனிகோடில் ‘கொ’ என்பதன் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரு குறியாகவும் எழுதலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்தே வைக்கும்; தட்டச்சில் பெரும்பாலும் சேர்ந்தே வரும்; லினக்ஸின் சொந்த வட்டு எதையும் திருத்தாமல் வந்தபடியே வைத்துக்கொள்ளும். எனவே பகிர் கோப்புறையிலிருந்து ‘கொடி’ என்னும் கோப்பை உபுண்டுவுக்குள் படியெடுத்துவிட்டு, அங்கேயே இன்னொரு ‘கொடி’யைத் தட்டச்சிட்டு வைத்தால், கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இரு கொடிகள் அருகருகே நிற்கும். ஓலையில் கொம்புக்கும் காலுக்கும் தடுமாறிய பதிப்பாசிரியர்களுக்குச் சுவடியாவது பழையது என்ற ஆறுதல் இருந்தது. இங்கே நேற்று எழுதிய கோப்புக்கே இரண்டு பாடம். எது மூலபாடம் என்பதில் ஏழாம் உரைகாரரும் எட்டாம் உரைகாரரும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டனர்.

6. பூட்டு

இவ்வளவும் தெளிந்தபின் கோப்புறையைத் திறக்க முயல்வதே முறை. உபுண்டுவில் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தி வரும். முனையத்தில் அக்கோப்புறையின் உரிமை வரியை அணுகிப் பார்த்தால், முதலில் அடைவைக் குறிக்கும் ஓர் எழுத்தும், பின்னர் மும்மூன்றாக ஒன்பது இடங்களும் காணப்படும். முதல் மூன்று இடங்கள் உடைமையாளராகிய ‘ரூட்’ என்னும் தலைமைப் பயனருக்கு. அங்கே படிக்கவும் எழுதவும் நுழையவும் உரிய மூன்றெழுத்தும் உள்ளன. அடுத்த மூன்று ‘விபாக்ஸ்எஸ்எஃப்’ என்னும் குழுவுக்கு. அங்கும் மூன்றெழுத்தும் உள்ளன. இறுதி மூன்றும் மற்றையோருக்கு. அங்கே எழுத்தே இல்லை; மூன்று சிறு கோடுகள் மட்டும் உள்ளன.

அம்மூன்று கோடுகளின் உட்பொருள் குறித்து ஒன்பதாம் உரைகாரர் தனிநூல் இயற்றினார். அவை அறம், பொருள், இன்பம் மூன்றும் மற்றையோருக்கு மறுக்கப்பட்டமையைக் குறிக்கும் என்பது அவர் துணிபு. வீடு மட்டும் ஏன் விடுபட்டது எனின், வீடு வீட்டுக்காரருடையது என்று விடையும் தருகிறார். இந்நூலுக்குப் பதினொரு மதிப்புரைகள் வந்தன என்றும், அவற்றுள் பத்து ஒன்பதாம் உரைகாரரே எழுதியவை என்றும், பதினொன்றாவது முதல் பத்தையும் பாராட்டுவது என்றும், அதையும் எழுதியவர் அவரே என்பது சந்திப் பிழைகளால் புலப்படுகிறது என்றும் அந்நூலின் பிற்சேர்க்கைக்குப் பிற்சேர்க்கை தெரிவிக்கிறது.

மற்றையோர் என்பார் யாவர் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. குழுவில் சேராத பயனரே மற்றையோர். ‘கெஸ்ட் அடிஷன்ஸ்’ என்னும் துணை மென்பொருளை விருந்தாளிக்குள் நிறுவியபின், அங்குப் பணிபுரியும் பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் குழுவில் சேர்த்தல் வேண்டும். சேர்த்தும் திறக்கவில்லை என்று கைவிட்டவர்களே மிகப் பலர். ஏனெனில் பயனர் எந்தெந்தக் குழுவினர் என்ற பட்டியல் உள்நுழையும் நேரத்தில்தான் எடுக்கப்படுகிறது. கல்யாண வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தபின் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொண்டால் பயனில்லை; வாசலுக்குப் போய்த் திரும்பி வரவேண்டும்.

7. முடிபு

முதல்நூல் வைக்கப்பட்ட கோப்புறை இம்முறையால் இறுதியில் திறக்கப்பட்டது. அதனுள் ஒரே ஒரு கோப்பு இருந்தது. பகிர்வு இயங்குகிறதா என்று பார்க்க, அமைத்தவர் எவரோ வைத்தது அது. ‘டெஸ்ட்’ என்ற ஒரு சொல்லே அதில் எழுதப்பட்டிருந்தது. ஒன்பது உரைகளும் அச்சொல்லுக்கு முற்றிலும் பொருந்துவனவாகவே உள்ளன என்று பத்தாம் உரைகாரர் எழுதத் தொடங்கியுள்ளார்.

கோப்பு மட்டும் வேண்டுவோர் பயனரைக் குழுவில் சேர்த்து, வெளியேறி, மீண்டும் உள்நுழைக.