ஐப்பசிக்கு அப்புச்சி சொல்ற ரோசனை

"இந்த இலையுதிர் காலத்துல நம்ம குடும்ப வழக்கத்தையெல்லாம் ஒண்ணு விடாமக் கொண்டாடிப் போடோணும் அப்புச்சி"ன்னு போன்ல சொன்னயே கண்ணு, கேட்டதும் நெம்ப சந்தோசம். ஒரே ஒரு சிக்கல்தான். நம்ம குன்னத்தூர்ல புரட்டாசி, ஐப்பசியில எந்த மரம் எலை உதுக்குது? வேம்பு உதுக்கறது மாசி, பங்குனியில. இந்த ரெண்டு மாசத்துல உதுர்றது மழை ஒண்ணுதான். அதுவும் அதுக்கா இஷ்டப்பட்டாத்தான்.

உன்னையுஞ் சொல்லிக் குத்தமில்லை. 1978 வாக்குல ஒரு இத்தாலிக்காரரு வந்து வெள்ளை டீ-சர்ட் கேட்டதுல இருந்து, நீ வேலை பாக்கற திருப்பூரு அவங்க ஊட்டுக் குளுருக்கும் வெயிலுக்கும் கணக்குப் பாத்துத்தான் தெக்குது. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மண்ணை வாரி மூஞ்சியில அடிக்கையில, நீங்க ஃபிளீஸ் துணியில தொப்பி வெச்ச சட்டை தெக்கறீங்க. ஐப்பசி மழையில கைகால் வெறைக்கையில, கையில்லாத பனியனுக்குச் சாம்பிள் போடறீங்க. வருசம் பூரா நாளுக்கு முன்னாலயே ஓடிட்டு இருக்கற நீ, தீவாளிக்கு மட்டும் சரியா அந்த நாள்ல வந்து நிக்கறே. போனஸ் இருக்குதல்ல!

சரி, கேட்டுப்போட்டே. சொல்லாம விட்டா அப்புச்சிக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு போயிருவே.

மொதல்ல புரட்டாசி. சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை பெருமாளுக்கு வெரதம், மாசம் பூராக் கவுச்சி தொடப்படாது. நாக்கு கேக்கலீன்னா, பொழுதோட ரோட்டுக்கடையில காளான் வாங்கித் தின்னு. அந்த முட்டைக்கோசுக்குள்ள காளானைத் தேடிக் கண்டுபுடிக்கறதுக்குள்ள மாசமே முடிஞ்சுரும். ஐப்பசி பொறந்து மொத ஞாயித்துக்கெழமை கறிக்கடை வரிசையைப் போய்ப் பாரு. இத்தனை நாளாப் பெருமாளை நெனச்சவன் யாரு, கெடாயை நெனச்சவன் யாருன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கும். நான் எந்தக் கூட்டம்னு உங்க அம்மாயிகிட்டக் கேட்டறாதே.

புரட்டாசி அமாவாசைக்குப் பவானி கூடுதுறை போறயாமா, நல்லது. பெரியவங்களுக்கு எள்ளுந் தண்ணியும் எறைச்சுப்போட்டு, வர்ற வழியில எங்களையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போ. உசுரோட இருக்கறவங்களுக்கு எள்ளு வேண்டாம், வெத்தலை பாக்குப் போதும்.

ஆயுத பூசையில நீங்க கெட்டிக்காரங்க. ஓவர்லாக், பேட்லாக் மிசினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வெச்சு, பொரிகடலைப் பொட்டலம் குடுத்து ஜமாய்ச்சுப் போடறீங்க. நாங்க மம்பட்டி, களைக்கொத்து, அருவாளெல்லாம் கழுவி ஆசாரத்துல வெச்சாப் பூசை முடியற வரைக்கும் தொடமாட்டோம். உன்ற ஆயுதம் அந்தச் செல்லு. அதுக்கும் பொட்டு வெச்சே, பாத்தேன். வெச்ச கையோட போட்டோப் புடிக்க அதையே எடுத்தயே, சாமி, அது எந்த ஊரு சாஸ்திரம்? பூசணிக்காயையாச்சும் ஓரமா ஒடை. நடுரோட்டுல ஒடைச்சா உன்ற கண்ணு திருஷ்டி போறப்பவே, மொபெட்டுல வர்றவன் பல்லும் போயிரும்.

தீவாளி நோம்பிக்கு வாரேன். முந்தியெல்லாம் வெள்ளெனெ எந்திரிச்சு நல்லெண்ணெய் தேச்சு, வடிகஞ்சியில அரப்புத்தூள் கரைச்சு உங்கம்மா உன்ற தலையில அப்புனா, நீ ஊரு கேக்கற மாதிரி கத்துவே. இப்ப அரப்பு மரம் இட்டேரி ஓரத்துல சும்மா நிக்குது, நீ ரெண்டு ரூவா ஷாம்புப் பாக்கெட்டைப் பல்லுல கடிச்சுக் கிழிக்கறே. கச்சாயம்னா பச்சரிசியை ஊறவெச்சு, நாட்டுச் சக்கரை போட்டு ஆட்டி, எண்ணெயில ஊத்தி எடுக்கோணும். இடுப்பு ஒடஞ்சு போகும். உங்களுக்கெதுக்கு அந்தச் செரமம்? பேக்கரியில அரைக்கிலோ வாங்கி, எவர்சில்வர் போசியில கொட்டி மூடி வெச்சுட்டு, "ஊட்டுல சுட்டதுங்க"ன்னு ஒறம்பரைக்கு நீட்டு. அவங்களும் அதே பேக்கரியில வாங்கினதைத்தான் உனக்கு நீட்டுவாங்க. யாரும் யாரையுங் காட்டிக் குடுக்கறதில்லை.

துணிக் கதை அதையுந் தாண்டும். ஒலகத்துக்கே சட்டை தெக்கற ஊருல இருந்துக்கிட்டு, தீவாளிச் சட்டையை ஆன்லைன்ல வரவழைக்கறே. டெல்லியில இருந்து வந்துச்சுன்னு பெருமை பேசிட்டு அட்டையைப் பிரிச்சுப் பாத்தா, திருப்பூர் அட்ரஸ் இருக்குது. உங்க செக்கிங் டேபிள்ல இருந்து போனது, ஊரெல்லாஞ் சுத்திப்போட்டு உன்ற ஊட்டுக்கே ஒறம்பரை வந்துருக்குது. காதர்பேட்டைக்கு ஒரு நடை போயிருந்தாப் பஸ் காசோட முடிஞ்சிருக்கும்.

கார்த்திகைக்கு மாவளி சுத்தோணும்னு சொன்னே. சுத்து. ஆம்பளைப் பனையோட பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடிச்சு, துணியில சுத்தி, பனமட்டைக்கு நடுவுல கட்டோணும். மொதல்ல ஆம்பளைப் பனை எது, பொம்பளைப் பனை எதுன்னு போன்ல தேடாமக் கண்டுபுடி பாக்கலாம்.

எல்லாத்தையும் கேட்டயே, ஒண்ணை மட்டும் வசதியா மறந்துட்டே. கடலக்கா! நம்ம மானாவாரிக் காட்டுல இந்தப் பருவத்தோட பெரிய நோம்பியே அதுதான். செடியைப் புடுங்க நாள் தப்பி மழை புடிச்சுதுன்னா, காய் மண்ணுக்குள்ளயே மொளச்சுரும். அதனாலதான் கெழவி, கொழந்தை, ஒறம்பரைன்னு பாக்காமச் செடிக் குமியலைச் சுத்தி எல்லாத்தையும் உக்கார வெச்சுக் காய் ஆயச் சொல்றது. பாசத்துல கூடுன கூட்டம்னு நெனச்சுக்காதே, மழைக்குப் பயந்த கூட்டம். ஆனாக் கை காயில இருந்தா வாய் சும்மா இருக்குமா? ஊருப் பொரணி அத்தனையும் அங்கதான். உங்கம்மாளுக்கு உங்கப்பனைப் பேசி முடிச்சதும் அந்தக் குமியலுக்குப் பக்கத்துலதான். உப்புப் போட்டு வேகவெச்ச கடலக்காயை வட்டல்ல வெச்சு நீட்டுனப்ப, உங்கப்பன் ஒரு பேச்சும் பேசாமத் தின்னுட்டே இருந்தான். வாயில்லாத பையன், வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணுனோம். அப்பறந்தான் தெரிஞ்சுது, தின்னு முடிச்சாப் பேசுவான்னு.

இந்த வருசமும் ஐப்பசியில புடுங்கறோம். ஆள் கெடைக்கறதில்லை, எல்லாரும் உங்க கம்பெனிக்கு ஒன்றரை ஷிப்ட் பாக்கப் போயிட்டாங்க. நீ வா. சும்மா வேண்டாம். போனஸ் சட்டத்துல கொறஞ்சது 8.33 சதவீதம், கூடுனது 20 சதவீதம்னு நீதானே எனக்குப் படிச்சுக் காட்டுனே. 8.33ன்னா பன்னெண்டுல ஒண்ணு. பன்னெண்டு வள்ளம் ஆய்ஞ்சு குடு, ஒரு வள்ளம் உனக்கு. இருவது வேணும்னா லேபர் ஆபீசர்கிட்ட மனுப் போட்டுக்கோ. நம்ம ஊட்டு லேபர் ஆபீசரு உங்க அம்மாயிதான். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் போட்ட மனுவே இன்னும் அவ முந்தானையிலதான் கெடக்குது.