பறந்த என்ஜின்

மலையகத்தில் கராஜ் வைத்திருப்பவர் எல்லாரும் பாஸ்தான். ஆனாலும் ‘ரீகண்டிஷன் என்ஜின்’ என்றால் அதற்கென்று தனியாக ஒரு பாஸ் இருப்பார். பட்டிப்பொலவிலும் இருக்கிறார். ஒரு கையில் பிளேன்டீ, மறு கையில் நீளமான ஸ்குரூ டிரைவர். அதன் நுனியை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். என்ஜின் இன்னும் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

அன்று லீக்ஸ் ஏற்றிக் கொழும்புக்குப் போன லொறி, பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு சாக்குமூட்டையோடு திரும்பியிருந்தது. தம்பி சாக்கை அவிழ்த்தான். பாஸ் விரலால் ஒயிலைத் தொட்டு முகர்ந்தார்.

“இது ஓடின என்ஜின் இல்ல தம்பி, பறந்த என்ஜின்.”

அதற்குப் பிறகுதான் மண்ணெண்ணெய்த் துணியால் நம்பரைத் துடைத்தார். எம்.சி.14 ஈ. ஹோண்டாவின் 250 சிசி, நாலு சிலிண்டர். முதல் எழுத்து 250 வகுப்பையும், கடைசி ‘ஈ’ என்ஜினையும் குறிக்கும். இவ்வளவு தெரிந்தும் ஆள் அகப்படவில்லை. பந்தயக்காரன் மாதிரி குனிந்து ஓட்டுகிற சிபிஆருக்கும், சாதுவான ஜேடுக்கும், ஹோர்னட்டுக்கும் இதே எழுத்துதான். எதிலிருந்து கழற்றியது என்று சேசி நம்பர்தான் சொல்லும், சேசி வரவில்லை. பிள்ளை வந்துவிட்டது, பிறப்புச் சான்றிதழ் வரவில்லை. தோட்டத்துக்கு இது புதிய சங்கதியும் அல்ல.

“பந்தய பைக்குதான்” என்று பாஸ் தீர்ப்பளித்தார். “ஆனா ஜப்பான்காரன் லொக் போட்டிருக்கான்.”

பொய்யில்லை. ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி 250 சிசிக்கு 45 குதிரை என்று வரம்பு வைத்தன; 90களில் அதையும் 40 ஆக்கின. வேகத்துக்கும் 180 கிலோமீட்டரில் ஒரு பூட்டு. அந்த 180ஐத் திறக்கத்தான் பாஸ் துடித்தார். இங்கிருந்து அம்பேவெல போகிற ரோட்டில், பனிக்குள், பால்மாட்டுக்கு முன்னால் எந்த மகராசன் 180 போகப்போகிறான் என்று நான் கேட்கவில்லை. தொலைந்த 5 குதிரைகளும் ஒரு ஒயரை வெட்டினால் ஓடிவரக்கூடியவை அல்ல. ஆனால் பாஸ் வெட்டினார். கேபரேட்டருக்குப் பெரிய ஜெட்டும் போட்டார். “நல்லா குடிக்கட்டும், நல்லா ஓடும்.”

உண்மையான பூட்டு பட்டிப்பொல ஸ்டேஷன் பலகையில் எழுதியிருக்கிறது: 6,226 அடி. இலங்கையில் இதைவிட உயரத்தில் ஸ்டேஷன் இல்லை. கொழும்பில் கிடைக்கிற காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான் இங்கே கிடைக்கும். 40 குதிரை கொண்டுவந்தால் 32தான் தேறும். காற்றுக் குறைந்தால் பெட்ரோலையும் குறைக்க வேண்டும், ஜெட் சிறிதாக வேண்டும். பாஸ் எதிர்ப்பக்கம் போனார்.

கிக்கர் இல்லாத என்ஜின். ஒரு வண்டியில் அதை ஏற்றி, நாலு பேர் தள்ளினோம். வண்டி இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது, கோயில் திருப்பம் வரை போய் நின்றது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி.

தம்பி பாஸின் முகத்தைப் பார்த்தான். அந்நேரம் பதுளை ரயில் பெருமூச்சோடு ஸ்டேஷனில் வந்து நின்றது.

“பாரு, அதுவே இங்க நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் போகுது” என்றார் பாஸ். “இன்னொரு பெரிய ஜெட் இருக்கு, நாளைக்கு வா.”