பார்த்துட்டேன் சார்!

‘பார்த்துட்டேன்’ என்று சொல்வதில் எனக்குள்ள வேகம் பார்ப்பதில் கிடையாது. 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, பெரும்பாக்கத்தில் பறவை காட்டக் கூட்டிப்போனார்கள். அங்கேதான் குட்டு உடைந்தது.

வழிகாட்டி ஒரு கல்லூரித் தம்பி. “சார், அந்தக் கோரைக்கு இடது பக்கம், சேத்து ஓரமா... வுட் சாண்ட்பைப்பர், நம்ம பொரி உள்ளான்” என்று கையை நீட்டினார். எந்தக் கோரை? கண்ணுக்கெட்டிய தூரம் கோரைதான். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலரைத் தூக்கினேன். எட்டு மடங்கு கோரை தெரிந்தது.

“ஐ, வாலை ஆட்டுது!” என்றாள் கூட வந்த குட்டிப் பெண்.

“ஆமாமா, ஆட்டுது” என்றேன்.

தம்பி விடவில்லை. “புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால போகுதா சார்?”

“நல்லாவே போகுது.”

“முதுகுல புள்ளி?”

“பெருசு பெருசா.”

எல்லாம் முதல் நாள் ராத்திரி புத்தகத்தில் படித்தது. தம்பி நிம்மதியாக, “கிரீன் சாண்ட்பைப்பரோன்னு ஒரு சந்தேகம் இருந்தது. சார் சொன்னதால உறுதி” என்று செல்போனில், பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் ஏற்றினார். என் புளுகு அறிவியல் தரவாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பறவை கத்திக்கொண்டே கிளம்பியது. அப்போதுதான் முதல்முறையாக அதைப் பார்த்தேன். இறக்கையின் அடிப்பக்கம் கன்னங்கரேல். பொரி உள்ளானுக்கு அந்த இடம் வெளிர் சாம்பல். கறுப்பென்றால் கிரீன் சாண்ட்பைப்பரேதான். கரைப்பறவையாக இருந்தும் வடக்கத்திக் காடுகளில் மரமேறி, வேறு பறவை விட்டுப்போன பழைய கூட்டில் முட்டையிடும் ஜாதி. அடுத்தவர் கண்ணால் பறவை பார்க்கிற எனக்கு அதுவே சரியான ஜோடி.

தம்பி பதிவைத் திருத்திவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “அப்ப நீங்க பார்த்தது எது சார்?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். “அது வேற. பக்கத்துலயே இன்னொண்ணு நின்னுது” என்றேன்.

உடனே ஸ்கோப்பை மறுபடி நட்டார்கள். வெயில் ஏறியது, பையில் இருந்த இட்லி ஆறியது. மொத்தக் கூட்டமும் என் பறவையைச் சேற்றில் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் குட்டிப் பெண் மட்டும் சேற்றுப் பக்கம் திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.