காரோட்டில் மனை வணிக நிறுவனத்துக்குப் பெயரிடும் முறைகள்: ஓர் ஒப்பியல் ஆய்வு

1. ஆய்வுக் களமும் எல்லையும்

இவ்வாய்வின் களம், கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவில் தமிழக எல்லையை ஒட்டிய காரோடு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்று முதல் இங்குள்ள தமிழருக்கு அடுக்களையில் ஒரு மொழி, வில்லேஜ் ஆபீஸில் இன்னொரு மொழி. பெயராய்வுக்கு இதைவிடத் தோதான களம் கிடைக்காது.

கால எல்லை, கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலை வந்த பிறகான காலம். முக்கோலையிலிருந்து காரோடு வரை சுமார் 16 கிலோமீட்டருக்குக் கான்கிரீட் சாலை. அந்த முக்கோலைக்கு அருகில்தான் விழிஞ்ஞம் துறைமுகம், 2025 மே 2 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தது. துறைமுகத்துக்குக் கப்பல் வரும். சாலையோரத்துக்குக் கம்பெனி வரும். கூட்டாளி மூவர், ஸ்கூட்டர் ஒன்று, கைபேசி நான்கு என எல்லாம் தயாராக இருக்க, பெயர் ஒன்றுக்காகவே காத்துக் கிடக்கும் கம்பெனிகளே ஆய்வுக்குரிய பொருள்.

கருதுகோள்: கம்பெனியின் பெயர் விற்பவரின் ஆசையைச் சொல்லும், மனையின் நிலவரத்தைச் சொல்லாது.

2. முன்னோர் நெறிகள்

இந்திய மனை வணிகத்தில் பெயரிடும் நெறிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது சுருக்கெழுத்து நெறி. 1946இல் தொடங்கிய டெல்லி லேண்ட் அண்ட் ஃபைனான்ஸ், இன்று டி.எல்.எஃப். என்ற மூன்றெழுத்தாக நிற்கிறது. காரோட்டில் இந்நெறியைப் பின்பற்றினால் கூட்டாளிகளின் முதலெழுத்துகளை அடுக்க வேண்டும். எவர் எழுத்து முதலில் என்ற கேள்வியிலேயே கூட்டு கலைந்துவிடுவதால் இது கைவிடப்படுகிறது.

இரண்டாவது இல்லாள் நெறி. பாலக்காட்டில் பிறந்த பி.என்.சி. மேனன் 1995இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்துக்கு மனைவி சோபாவின் பெயரை வைத்தார். தொடங்கியவர் ஒருவர் என்பதால் அது நடந்தது. மூன்று கூட்டாளிகளுக்கு மூன்று மனைவியர் என்பதைச் சோபா நெறி கணக்கில் கொள்ளவில்லை.

மூன்றாவது குடும்பப் பெயர் நெறி. 1975இல் தொடங்கிய புரவங்கரா இதற்கு உதாரணம். இங்கோ கல்யாணப் பத்திரிகை எதை எடுத்தாலும் அதில் குடும்பப் பெயராக ஒரு ‘புத்தன் வீடு’ இருக்கும். ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இலேயே ‘புத்தம் வீடு’ என்று நாவலும் எழுதிவிட்டார். அதையே கம்பெனிக்கும் வைத்தால் தபால்காரர்தான் திணறுவார்.

3. அரச நெறியும் அதன் இடர்களும்

மேற்கண்ட மூன்றும் தோற்ற பிறகு எல்லாரும் ஒருமனதாக வந்து சேருமிடம் ‘ராயல்’. இதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, கிரவுன், எம்பரர், எம்பயர், இம்பீரியல், கிங், குயின், ராயல் ஆகிய சொற்களை மாநில அரசின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் கூட்டு நிறுவனத்தின் பெயரில் சேர்க்கக் கூடாது என்கிறது. வெள்ளைக்காரன் 1947இல் போனான். திருவிதாங்கூர் மன்னராட்சி 1949இல் முடிந்தது. ஐந்து சென்ட் விற்க வந்தவர் மட்டும் ராஜா ஆவதற்கு இன்றும் திருவனந்தபுரத்தின் உத்தரவு வேண்டும். ஆனால் கூட்டாண்மையைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று அதே சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பதிவு செய்யாதவரின் போர்டில் ராயல் கேட்பாரின்றி முடிசூடும்.

தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம் என்றால் கதை வேறு. ஏற்கெனவே உள்ள பெயரோடு ஒத்துப்போகும் பெயருக்கு 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் இடம் தராது. ஊர்ப்பெயரைப் பின்னால் ஒட்டினாலும், எண்ணைச் சேர்த்தாலும், ஒருமையைப் பன்மையாக்கினாலும், எழுத்துக் கூட்டலை மாற்றினாலும் அதை வேறு பெயராகக் கொள்வதில்லை என்பது விதி. இங்கேதான் எண்கணித ஜோதிடர் தோற்கிறார். ஆங்கிலத்தில் கூடுதலாக ஓர் எழுத்து போட்டால் கோடி கொட்டும் என்று அவர் தட்சிணை வாங்கிக்கொண்டு சொன்ன அதே எழுத்தை, பதிவாளர் எழுத்தாகவே மதிப்பதில்லை. பெயரில் ‘பஞ்சாயத்து’ என்று வந்தால் மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். பாகப் பிரிவினை வழக்கு நிலுவையில் உள்ள மனைகளை விற்போர் இதைக் கவனிக்க.

4. கள ஆய்வு

காரோட்டுச் சாயக்கடை ஒன்றில் பதிவான உரையாடல், பெயர்கள் நீக்கித் தரப்படுகிறது. கேட்பவர் வளைகுடாவிலிருந்து திரும்பிய இளைஞர். சொல்பவர், இளைஞர் மனை போட நினைக்கும் இடத்துக்குப் பக்கத்து விளைக்காரர்.

“பாட்டா, கம்பெனிக்கு நல்லதா ஒரு பேரு சொல்லுங்க.”

“அந்த எடத்துக்கு ஏற்கெனவே ஒரு பேரு கெடக்கே மக்கா.”

“அது கடைசியில குழின்னு முடியுது பாட்டா. கேக்குறவன் ஓடிருவான்.”

“பழைய ஆளுக சும்மாவாடே குழின்னு பேரு வச்சது? இடவப்பாதியில வெள்ளம் கெட்டுனா கர்க்கடகம் கழியாம எறங்காது. ஒனக்க கம்பெனிக்கு என்ன பேரு வேணும்னாலும் வை. வெள்ளத்துக்கு வாசிக்கத் தெரியாது.”

இளைஞர் சாயாவுக்குக் காசு கொடுத்துவிட்டு, ‘லேக் வியூ’ என்பதைக் கைபேசியில் குறித்துக்கொண்டார்.

இவ்வுரையாடல் ஆய்வின் திருப்புமுனை. களியக்காவிளை, இஞ்சிவிளை, உதியன்குளங்கரை, குழித்துறை என்று எல்லையின் இரு பக்கமும் ஊர்ப்பெயர்கள் மண்ணைப் பார்த்து வைக்கப்பட்டவை. விளை என்றால் மேட்டுத் தோட்டம். ஏலா என்றால் வயல்வெளி. குழி என்றால் குழிதான். விளம்பரச் செலவே இல்லாமல் இவ்வளவு நேர்மையான பெயர்களை எந்த ஏஜென்சியும் இதுவரை தந்ததில்லை.

5. எல்லைப் பிழை

களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் தமிழ்க் கம்பெனிகள் தூய தமிழில் ‘நிலம்’ என்று பெயர் வைக்க ஆசைப்படலாம். அங்கே அது மங்கலச் சொல். இங்கே வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்றால் நெல்வயல். வீடு கட்டத் தோதான கரைப்பகுதி ‘புரயிடம்’. 2008இல் வந்த கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி, ‘டேட்டா பேங்க்’ எனும் வயல் பட்டியலில் ஏறிய வயலை நினைத்தபடி நிரப்பி மனை போட முடியாது. ஆக, அந்தக் கம்பெனி தன் எச்சரிக்கைப் பலகையைத் தானே எழுதி, தானே விளக்கும் போட்டு வைக்கிறது. வாங்க வந்த மலையாளி அதைப் படித்ததும் வண்டியைத் திருப்புவார். விற்பனை மேலாளர் வாஸ்து பார்க்கப் போவார்.

6. முடிவுகளும் பரிந்துரைகளும்

அ) கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. பெயரில் ஏரி இருப்பதற்கும் மனையில் தண்ணீர் நிற்பதற்கும் தொடர்பு உண்டு. ஆனால் விற்பவர் சொல்லும் தொடர்பு அதுவல்ல.

ஆ) பெயர் வைக்கத் தவிக்கும் முதலீட்டாளர்களுக்கு: மனையின் பழைய பெயரையே வையுங்கள். அது குழி என்று முடிந்தால், மாற்ற வேண்டியது பெயரை அல்ல, மனையை.

இ) வாங்குபவர்களுக்கு: 2016ஆம் ஆண்டு ரெரா எனும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேல் பிரித்து விற்கும் மனைத் திட்டம் பதிவாகியிருக்க வேண்டும். போர்டில் பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, கேரள ரெரா பதிவு எண் எங்கே என்று தேடுங்கள். கிரயப் பத்திரத்திலும் வில்லேஜ் ஆபீஸின் அடிப்படை வரிப் பதிவேட்டிலும் நிலமா, புரயிடமா என்று பாருங்கள். கிருஷி பவன் எனும் வேளாண் அலுவலகத்துக்குப் போய் டேட்டா பேங்கில் அந்த சர்வே எண் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்து விளைக்காரரிடம் இடத்தின் பழைய பெயரை விசாரியுங்கள். இத்தனையும் முடிந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். கம்பெனியின் பெயரை ரசீதில் படித்துக்கொள்ளலாம்.